பென்சிலில் எழுதிய பாடம்

வெள்ளிமலை,
9.11.2025

அன்புள்ள எழில்மதிக்கு,

மாமன் வீரமணி எழுதிக்கொள்வது. மலைக் காற்றும் சாமைச் சோறுமாக எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீதான் விடுதிச் சோற்றில் இளைத்துப் போயிருப்பதாக உன் அம்மா சொல்லி அனுப்பினாள். சட்டம் படிக்கிறவள் இளைக்கக் கூடாது. கோர்ட்டில் குரல் எழும்பாது.

முதலில் என் சேதி. இந்தக் கிழங்கு மண்டி இப்போது முழுக்க என் கையில்தான் ஓடுகிறது. முதலாளியம்மா அமிர்தம் பேருக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். மரவள்ளி விளைச்சலைப் பற்றி அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். குறிப்பெழுதி எழுதி அவர் பேனாவில் மை தீர்ந்துபோனது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் வருஷத்தில் ஏதாவது ஒரு பாடத்தைத் தனியாக எடுத்துத் தேர வேண்டும், எதை எடுப்பதென்று யோசனையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இதில் யோசிக்க இன்னா இருக்கு கண்ணு? கிரிமினல்தான். கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிரிமினல் பேசாதவளை நம் பக்கத்தில் யார் வக்கீல் என்பார்கள்? மலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் அக்கா மகள் கிரிமினல் வக்கீல் என்று. இரண்டு ஊரில் மாலை வாங்கி வைத்துவிட்டார்கள்.

என்னையே எடுத்துக்கொள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தை ஐந்தாம் நாள், மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டபோது, பெண்ணையாற்று மணலில் மூன்று பேரை ஒற்றை ஆளாகப் படுக்க வைத்தவன் உன் மாமன். வடக்கனந்தல் டீக்கடையில் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள். இப்படிப்பட்ட வீரன் இருக்கிற குடும்பத்தில் ஒரு கிரிமினல் வக்கீல் இருப்பது நல்லதில்லையா?

பேச்சுக்கு ஒன்று கேட்கிறேன். எனக்கு ஒரு சிநேகிதன். ஏதோ ஒரு திருவிழாவில் நாலைந்து பேரை அடித்துவிட்டான். கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. போகாமல் விட்டுவிட்டான். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. இப்போது பிடித்தால் எத்தனை வருஷம் போடுவார்கள்? புத்தகத்தில் பார்த்து எழுது. அவசரம் இல்லை. இந்த வாரத்துக்குள் எழுதினால் போதும்.

இங்கே போனுக்கு டவர் கிடைக்காது. கிடைத்தாலும் என் வியாபார ரகசியத்தை ஒட்டுக்கேட்பார்கள். பஸ் டிரைவர் தனசேகரன் மூலம் கடிதமே போதும்.

இப்படிக்கு,
வீரமணி,
பொது மேலாளர் (முழுப் பொறுப்பு),
வெள்ளிமலை கிழங்கு மண்டி.

•

மாணவியர் விடுதி,
செங்கல்பட்டு,
15.11.2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறைத் தோழிகளுக்கும் படித்துக் காட்டினேன். நீங்கள் நேரில் எப்படி இருப்பீர்கள் என்று கேட்கிறார்கள். நானே மறந்துவிட்டேன் என்றேன். போன தீபாவளிக்கும் வரவில்லை, இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை. மண்டி முழுக்க உங்கள் கையில் ஓடுகிறது, சரி. ஒரு நாள் அது தானாக ஓடாதா?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது தனசேகரன் அண்ணனைப் பார்த்தேன். அந்த ஜீப் அதிகாரி மேகம் அருவிக்கு வழி கேட்டாராம். நீங்கள் தப்பான வழியைக் காட்டிவிட்டீர்களாம்.

உங்கள் குட்டி யானை வீட்டுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. டிரைவர் சீட்டில் கோழி முட்டை வைக்கிறது. அந்த வண்டியை விட்டு ஒரு நாள் பிரியமாட்டீர்களே, எப்படி மாமா விட்டுவிட்டுப் போனீர்கள்? கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறாள்.

பாடத்தைப் பற்றி. கோபப்படாமல் கேளுங்கள். நான் நிலச் சட்டம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். பட்டா, புறம்போக்கு, மலைக்காரர்களுடைய காட்டு நிலம், இதெல்லாம். எங்கள் வகுப்பில் இதைக் கேட்பவர்கள் நாலே பேர். கிரிமினலுக்கு அறுபது பேர் நிற்கிறார்கள்.

நம் வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு அம்மா திங்கட்கிழமைதோறும் மனுவோடு போன வருஷம் நினைவிருக்கிறதா? நான் அப்போது ஒன்பதாவது. பன்னிரண்டு மனு எழுதினேன். பதின்மூன்றாவது எழுதும்போது, "இதுக்கு இன்னா சட்டம்னு ஒருத்தரும் சொல்ல மாட்றாங்களே எழிலு" என்று அம்மா கேட்டாள். நான் சட்டம் படிக்க வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

விண்ணப்பம் கொடுக்க டிசம்பர் 12 கடைசி நாள். ஒருமுறை எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியாது.

உங்கள் சிநேகிதருக்கு: காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தப் புத்தகமும் பதில் சொல்லாது.

அன்புடன்,
எழில்மதி

•

வெள்ளிமலை,
21.11.2025

கண்ணு எழிலுக்கு,

அருவிக்கு நான் காட்டிய வழிதான் சரியான வழி. அந்த ஆளுக்கு நடக்கத் தெரியவில்லை. தனசேகரன் வாயை அடக்கச் சொல்கிறேன்.

நிலச் சட்டமா! படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் டாக்டருக்குப் படித்தவன் பல்லைப் பிடுங்குவானா? நிலத்துக்குப் படித்துவிட்டு, நாளைக்கு வீட்டு ஆம்பிளையைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகும்போது, "இரு மாமா, உனக்குப் பட்டா வாங்கித் தரேன்" என்பாயா? அளக்கிற வேலைக்குச் சர்வேயர் இருக்கிறான். அதற்கு என் அக்கா மகள் எதற்கு? மாலை வாங்கி வைத்தவர்களுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?

என் சிநேகிதன் விஷயம் முற்றிக்கொண்டு வருகிறது. அவன் வீட்டுக்குப் போலீஸ் இரண்டு தரம் வந்து போயிருக்கிறது. அவன் அக்கா, "தம்பி கேரளாவுக்குப் போயிட்டான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாளாம். அவன் அடித்தது ஐந்து பேரை. அதில் ஒருவன் தலை இரண்டாகிவிட்டது. பாவம், பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த குட்டி யானையைக்கூட விட்டுவிட்டு ஒளிந்து கிடக்கிறான். பஸ் ஹாரன் கேட்டால்கூடக் கிழங்கு மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிறான். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறான். அதில் கோர்ட்டு முத்திரை இருக்கிறது, அவன் பேர், அவன் அப்பா பேர் இருக்கிறது, கடைசியில் பிடியாணை என்று இருக்கிறது. வேறு இன்னா வேண்டும்?

நீ படித்து முடித்து வர இன்னும் இரண்டு வருஷம். அதுவரை தாங்குவான். கல் மாதிரி ஆள். ஆனால் நீ கிரிமினலோடு வர வேண்டும். அவன் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
வீரமணி,
பொது மேலாளர்.

•

செங்கல்பட்டு,
26.11.2025

மாமா,

மூன்றாம் வருஷத்தில் எங்களுக்குக் குறுக்கு விசாரணை சொல்லிக் கொடுத்தார்கள். அதை முதன்முதலாக உங்களிடம்தான் செய்து பார்க்கப் போகிறேன்.

ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் நீங்கள் மூன்று பேரை அடித்தீர்கள், சிநேகிதர் நாலைந்து பேரை அடித்தார். இருபத்தொன்றாம் தேதி அவர் கணக்கு ஐந்தாகி, ஒரு தலையும் உடைந்துவிட்டது. அவருக்கும் ஓர் அக்கா. அவருக்கும் ஒரு குட்டி யானை. அவரும் கிழங்கு மூட்டைக்குப் பின்னால் நிற்கிறார். அந்த மலையில் இன்னொரு வீரமணி இருக்கிறாரா மாமா?

நேற்று அம்மாவுக்குப் போன் செய்து நேராகவே கேட்டேன். முதலில், "உனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம், போய்ப் படி" என்றாள். அப்புறம் அழுதுவிட்டாள். போன வருஷம் ஆவணியில் ஒரு போலீஸ்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளிடம் காகிதத்தைக் கொடுத்தாராம். நீங்கள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் மலை ஏறிவிட்டீர்களாம். என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கும் தெரியாது.

ஒன்றேகால் வருஷம், மாமா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண் டாக்டர், பல் டாக்டர் மாதிரி இல்லை எங்கள் படிப்பு. எந்தப் பாடம் எடுத்தாலும் எல்லா வழக்கும் நடத்தலாம். ஆனால் ஆழமாகப் படித்தது ஒன்றுதான் கையில் நிற்கும். அது உங்களுக்காக நிற்க வேண்டுமென்றால் நிற்கட்டும். விண்ணப்பத்தில் 'குற்றவியல்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுதிய பிறகு, தேவையென்றால் அதன்மேல் பேனாவால் எழுதிவிடுகிறேன். வருத்தப்பட மாட்டேன். எனக்குச் சைக்கிள் கற்றுக் கொடுக்க வயல்வரப்பில் கூடவே ஓடி, மூன்று முறை சேற்றில் விழுந்தவர் நீங்கள். (பதினேழு முறை என்று சொல்வீர்கள்.)

அந்தக் காகிதத்தை அனுப்புங்கள். நடந்ததை எழுதுங்கள். இந்த ஒரு தரம் எதையும் சேர்க்காதீர்கள்.

எழில்மதி

•

வெள்ளிமலை,
1.12.2025

எழிலு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தரமும் என் கை தானாக ஏதாவது சேர்த்துவிட்டது. இது நாலாவது.

நான் யாரையும் அடிக்கவில்லை.

அன்றைக்கு வாடகைக்குப் பொரி மூட்டை ஏற்றிக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாமியெல்லாம் ஆற்றில் இறங்குகிற நேரம். திடீரென்று கத்தல், கட்டை, கல். நான் குட்டி யானைக்கு அடியில் புகுந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி வளையல், பொம்மை கடை போட்டிருந்த ஜாபர் பாய் விழுந்தார். அவருக்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை. தலையிலிருந்து ரத்தம் மணலில் போயிற்று. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. நான் உடனே வெளியே வரவில்லை. சத்தம் அடங்கின பிறகுதான் வந்தேன்.

அவரைத் தூக்கி வண்டியில் போட்டுத் திருக்கோவிலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொண்டுவந்தது யார் என்று கேட்டார்கள். பேர் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வீட்டு ஆட்கள் வந்ததும் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்து, "இன்னா வீரமணி, சண்டையா?" என்று கேட்டார்கள். வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? "மூணு பேரைப் போட்டுட்டேன்" என்றேன். சொன்னது நன்றாக இருந்தது. எல்லோரும் பெஞ்சில் இடம் விட்டார்கள். அப்புறம் ஒன்றரை வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காகிதம் வந்ததும், நான் சொன்னது போலீஸ் காதுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். என் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன், ஊரெல்லாம் சாட்சி. நான் எப்படி இல்லை என்பேன்?

நான் பொது மேலாளரும் இல்லை. கிழங்கு மூட்டை தைக்கிறேன். அமிர்தம் அக்கா நல்லவர்கள். சாக்கு அடுக்குகிற அறையில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள்.

காகிதம் இதோடு இருக்கிறது. பிடியாணை என்ற எழுத்தைப் பார்த்ததும் மடித்தது. அதற்கப்புறம் பிரிக்கவில்லை.

உன் பாடத்தை நீயே எடு என்று எழுத வேண்டும். அப்படித்தான் ஒரு மாமன் எழுத வேண்டும். ஆனால் நீ உள்ளதைச் சொல்லச் சொல்லியிருக்கிறாய். பென்சிலை அழிக்காதே கண்ணு. பயமாக இருக்கிறது.

வீரமணி

•

செங்கல்பட்டு,
6.12.2025

என் தங்க மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கிழங்கு மூட்டைக்கு முன்னால்.

நீங்கள் குற்றவாளி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கூட இல்லை. காகிதத்தின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது: "அரசு தரப்பு மூன்றாம் சாட்சி, வீரமணி." ஜாபர் பாயை அடித்த வழக்கில் சாட்சி சொல்ல உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'வரத் தவறினால் பிடியாணை' என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அது எல்லாச் சாட்சிக்கும் அனுப்புகிற காகிதத்தில் இருப்பதுதான். நீங்கள் முதலையும் நடுவையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரிக்குப் பயந்து மலை ஏறியிருக்கிறீர்கள்!

படித்ததும் நான் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதேன். வார்டன் அம்மா வந்து யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை மேடம், பிழைத்துவிட்டார் என்றேன்.

எங்கள் கல்லூரியில் படித்த பகலவன் அண்ணன் திருக்கோவிலூர் கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறார். விசாரித்துச் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது. உங்கள் பேரில் பிடியாணை எதுவும் இல்லை. டிசம்பர் 18 அடுத்த தேதி. அன்று காலை பத்து மணிக்குப் போய்விடுங்கள். அண்ணன் வாசலில் நிற்பார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால், பயந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அதுதானே உண்மை.

இன்னொன்று. வீட்டுக்கு இரண்டு தரம் போலீஸ் வந்தது என்றீர்களே, இரண்டாம் தரம் வந்தவர் போலீஸ் இல்லை. ஜாபர் பாய்! பகலவன் அண்ணன் அவர் கடைக்கே போய்ப் பேசினார். தலையில் பதினான்கு தையலாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் உங்கள் பேரைப் பார்த்து, ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, இனிப்பு டப்பாவோடு வந்திருக்கிறார். அம்மா மப்டி போலீஸ் என்று நினைத்து, வாசலிலேயே மறித்து உங்களைக் கேரளாவுக்கு அனுப்பிவிட்டாள். டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டாளாம்.

கோர்ட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், உங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அடித்தவர் முகத்தைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை. நீங்கள் அழகுக்காக ஒரு முகத்தைச் சேர்த்தால், அந்த முகத்துக்காரன் ஜெயிலுக்குப் போவான்.

பென்சிலை அழித்துவிட்டேன் மாமா. ரப்பர் தேய்ந்தே போனது. பேனாவால் 'நிலச் சட்டம்' என்று எழுதி நேற்றே கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று. நீங்கள் நிஜமாகவே மூன்று பேரை அடித்திருந்தாலும் உங்களுக்காக வந்து நின்றிருப்பேன்.

அன்புடன்,
எழில்மதி

•

வடக்கனந்தல்,
20.12.2025

அன்புள்ள எழில்மதிக்கு,

ஊர் பேரைப் பார்த்தாயா? நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்கிறாள், நான் எதையாவது சேர்த்துவிடுவேனாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சத்தம் போட்டதில் அமிர்தம் அக்கா பாம்பு என்று நினைத்துக் கட்டையோடு ஓடி வந்தார்கள். சேதி தெரிந்ததும் ஒரு சாக்கு நிறையக் கிழங்கு கொடுத்து அனுப்பினார்கள். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். தனசேகரன் வழியெல்லாம் ஹாரன் அடித்தான். நான் ஒளியவில்லை.

கோர்ட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அரசு வக்கீல் இரண்டு பையன்களைக் காட்டி, "இவங்களை அடையாளம் தெரியுதா?" என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன், "தெரியுதுங்க" என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு பேர் என் வாயைப் பார்த்து நின்றால் எனக்குத் தாங்காது. நீ எழுதிய முகத்துக்காரன் நினைவுக்கு வந்தான். "கால்தாங்க தெரிஞ்சுது. மொகம் பார்க்கலை" என்றேன். ஜாபர் பாய் விழுந்ததையும், தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னேன்.

அப்புறம் அந்தப் பையன்களுடைய வக்கீல் எழுந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"வடக்கனந்தல் டீக்கடையில, மூணு பேரை அடிச்சேன்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னங்க."

"ஒரு தரமா?"

"தினமும்ங்க."

"அப்போ ஜாபரை அடிச்சதும் நீங்கதானே?"

"இல்லீங்க. நான் சொன்னது பொய்ங்க. நான் வண்டிக்கு அடியில படுத்துகினு இருந்தேன்."

நீதிபதியம்மா தலையைத் தூக்கி, "எவ்வளவு நேரம்?" என்றார்.

"சத்தம் அடங்கற வரைக்கும்ங்கம்மா."

கோர்ட்டே சிரித்தது. பின்னால் நம்மூர் ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். மூன்று வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது அவ்வளவுதான், கண்ணு. சிரித்தார்கள், நின்றுவிட்டது. கூண்டிலிருந்து இறங்கினபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. நீதிபதியம்மா சிரிக்கவில்லை. "வெளியே வந்து அவரைத் தூக்கிட்டுப் போனீங்க இல்ல, அதையும் எழுதியிருக்கேன்" என்றார்.

வராந்தாவில் ஜாபர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா வீரமணி, உன்னைத் தேடி உங்க வூட்டுக்கு வந்தா, அக்கா உன்னைக் கேரளாவுக்கு அனுப்பிட்டாங்க!" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்களே, நான் வராமல் இருந்துவிட்டேனே என்று கேட்டேன். அவர் தலைத் தழும்பைத் தடவிக்கொண்டார். அப்புறம், "வெளியே வராதன்னுதான்பா சொன்னேன். கல்லு வந்துகினு இருந்துது" என்றார்.

நான் கோர்ட்டு வேப்பமரத்தடியில் ஒரு மூச்சு அழுதேன். இதில் எதையும் சேர்க்கவில்லை.

நேற்று டீக்கடையில் உண்மையைச் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை; கோர்ட்டில் சிரித்த இரண்டு பேரும்கூட அது கேஸுக்காகச் சொன்னது என்கிறார்கள். "சும்மா அடக்கமா பேசாத மாமா, மூணு பேரைப் போட்ட ஆளு நீ" என்கிறார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகவே நான் சொன்ன சாட்சியத்துக்கு நகல் கேட்டுப் பகலவனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்தால் லேமினேஷன் போட்டு மாட்டுவேன்.

உன் நிலச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையை விட்டு இறங்கும்போது சும்மா ஒன்றிரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன், என் அக்கா மகள் பட்டா வாங்குவதற்கென்றே தனிப்படிப்பு படிக்கிறாள் என்று. உன் அம்மா முறைக்கிறாள். சரி, நாற்பது பேர். கிரிமினலுக்கு வாங்கின மாலை இரண்டும் அப்படியே இருக்கின்றன. இல்லை, உன் அம்மா முறைக்கிறாள். மாலை யாரும் வாங்கவில்லை.

பொங்கல் லீவுக்கு உன்னைக் கூட்டிவர விழுப்புரத்துக்குக் குட்டி யானையோடு வருகிறேன். பேட்டரி மாற்றியாயிற்று. டிரைவர் சீட்டில் கோழி அடைகாக்கிறது, அதுதான் பாக்கி. குஞ்சு பொரிந்ததும் சீட்டைத் துடைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வீரமணி,
அரசு தரப்பு மூன்றாம் சாட்சி.